ஒரு விருந்தில் முடியாத செலவு

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில், கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத்தில், மொய் விருந்துகள் களைகட்டும். பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைக்கும். கறிச்சோறு சாப்பிட்டுக் கை கழுவியவர்கள் நேரே மொய் எழுதும் இடத்துக்குப் போவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி நோட்டு, எழுத ஓர் ஆள், பணம் வாங்கிப் போட ஒரு பாத்திரம். முன்பு வாங்கியதைத் திருப்பிச் செய்பவர்கள் அதற்கு மேல் புதுநடை என்று கொஞ்சம் கூடுதல் தொகையும் சேர்த்து எழுதுவார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கேட்பாரும் இல்லை. போர் போடுவது, வீட்டுக்குக் கான்கிரீட் போடுவது, பிள்ளையைக் காலேஜில் சேர்ப்பது எல்லாம் இந்தப் பணத்தில்தான் நடந்திருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது மொய்ப் பணமும் சுருங்கிப்போனது. பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

பணத்துக்காக ஊரைக் கூப்பிடுவது இந்த மாவட்டத்தில் வெட்கப்படும் காரியமே இல்லை. இன்று வாங்குபவர் நாளை கொடுப்பவர். அதனால்தான் இங்கே ஒரு குடும்பம் தன் பிள்ளையின் ஆட்டிசத்துக்கு வீட்டிலேயே தெரபி கொடுக்கப் பணம் திரட்டப் புறப்பட்டால் அந்தப் பணம் எப்படிச் சேரும், எதற்குப் போகும், எத்தனை நாள் தாங்கும் என்று ஊன்றிப் பார்க்கத் தோன்றுகிறது.

நார்த்தாமலை கிழக்குப் பக்கத்து ஊர் அல்ல. மாவட்டத்தின் வடமேற்கில், குளத்தூர் வட்டத்தில், மொட்டைப் பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. மேலமலை மேல் விஜயாலய சோழீஸ்வரம், அடிவாரத்தில் மானாவாரி நிலம், சுற்று வட்டாரத்தில் கல் குவாரியும் கிரஷரும். பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் ஊர் கொள்ளாது. மற்ற நாட்களில் கூலி வேலைக்குப் போகிறவர்களின் ஊர். புதுக்கோட்டை சுமார் 17 கிலோமீட்டர், திருச்சி அதைப்போல இரண்டு மடங்கு தூரம்.

இந்த ஊரில் ஒரு பிள்ளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது நான்கு. கூப்பிட்டால் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுவதில்லை. மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறது. “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு” என்று அப்பத்தா சொல்வார். மந்திரித்துக் கயிறு கட்டியாகிவிட்டது. ஒரு வருடம் இப்படியே போகும். பிறகு யாரோ சொல்லி டவுனுக்குக் கூட்டிப்போனால், டாக்டர் ஆட்டிசம் என்கிறார், ஸ்பீச் தெரபி, ஓ.டி. எனப்படும் ஆக்குபேஷனல் தெரபி இரண்டும் வேண்டும் என்கிறார். இது எந்த ஒரு வீட்டின் கதையும் அல்ல. ஆனால் உலகில் ஏறத்தாழ நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு ஆட்டிசம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்லி வந்திருக்கிறது. அந்தக் கணக்கில் இந்தக் குன்றுகளைச் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் இப்படிப் பல வீடுகள் இருக்கத்தான் வேண்டும்.

ஒரு அமர்வுக்கு 500 ரூபாய் என்று வையுங்கள். வாரம் 3 அமர்வு, மாதம் 6,000. மகளிருக்கு டவுன் பஸ் இலவசம், ஆகவே பஸ் காசை விட்டுவிடலாம். பிள்ளையைக் கூட்டிப்போகும் அம்மாவுக்கு அந்த 3 நாளும் வேலை போய்விடும். நூறு நாள் வேலைக்கு 2024-25இல் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி 319 ரூபாய். அதையே அளவாக வைத்தால் மாதம் 3,828 ரூபாய் நட்டம். இரண்டையும் கூட்டினால் மாதம் பத்தாயிரத்துக்கு 172 ரூபாய்தான் குறைவு. வருடத்துக்கு ஏறத்தாழ 1,18,000. ஐந்து வருடத்துக்கு ஆறு லட்சம். கிரஷர் தூசியில் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு இது எட்டாத தொகை. அந்த அம்மா தெரபியை நடுவில் விட்டுவிட்டால் அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை.

அப்படியானால் ஊரில் கேட்கலாம், ஆன்லைனில் கேட்கலாம். கேட்டுக் கிடைத்திருக்கிறது. 2021இல் நாமக்கல் மாவட்டம் குமாரபாளையத்தில் முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோய் வந்த ஒரு பெண் குழந்தைக்கு 16 கோடி ரூபாய் ஊசி வேண்டியிருந்தது. முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்தார்கள், இறக்குமதி வரியை மத்திய அரசு தள்ளுபடி செய்தது, ஊசி போடப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் தமிழ்நாடே தன் வீட்டுப் பிள்ளை பிழைத்த மாதிரி மகிழ்ந்தது.

ஆனால் அங்கே ஒரு தொகை இருந்தது, ஒரு கெடு இருந்தது, ஊசி போட்டாயிற்று என்று சொல்ல ஒரு நாள் இருந்தது. கொடுப்பவர் மனது இந்த மூன்றையும் எதிர்பார்க்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கேட்கும்போது இந்த மூன்றுமே இல்லை. பிள்ளை உயிருக்கு ஆபத்தில்லை. இன்ன தேதிக்குள் என்ற கெடு இல்லை. ஆறு மாதம் கழித்து, “இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுகிறான்” என்று சொன்னால், அது அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று பணம் அனுப்பியவருக்கு எப்படித் தெரியும்? முதல் மாதம் கொட்டும் பணம் மூன்றாம் மாதம் வற்றுவது இதனால்தான்.

இந்த மண்ணில் நாள்தோறும் ஆகும் செலவுக்கு ஒரு பழைய வழி இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: கோயிலில் அணையா விளக்கு ஒன்று எரிய வேண்டுமென்றால் எண்ணெய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகமாட்டார்கள். 90 அல்லது 96 ஆடுகளை ஒப்படைப்பார்கள். இடையர் அவற்றை மேய்த்து, பெருக்கி, நாளுக்கு இவ்வளவு நெய் என்று அளந்துவிட வேண்டும். ஆடு செத்தாலும் மந்தை சாகாது என்பதால் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஐந்நூற்றுவர் வணிகக் குழு புழங்கிய நார்த்தாமலைக்கு, மூலதனம் வேறு அன்றாடச் செலவு வேறு என்பது புதுப் பாடம் அல்ல. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சேர்க்கும் பணமும் மந்தையாக இருக்க வேண்டும், ஒரு குடம் நெய்யாக அல்ல.

அந்த மந்தை எது? என் பதில்: தெரபி செய்யத் தெரிந்த கைகள். அமர்வு அமர்வாகக் காசு கொடுத்துத் தீர்ப்பதைவிட, அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கும் அதே ஊரில் இன்னொரு பெண்ணுக்கும் கற்றுக்கொடுப்பதற்குப் பணத்தைச் செலவிட வேண்டும்.

இது ஏழைகளுக்கென்று சொல்லும் இரண்டாந்தர யோசனை அல்ல. வீட்டில் தெரபி என்றாலே பலர் நினைவில் நிற்பது அமெரிக்க உளவியலாளர் ஐவர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வுதான். வாரம் 40 மணி நேரம், ஆளுக்கு ஆள், பல மாதங்கள். அதைப் படித்த பெற்றோர் அங்கே வீட்டை அடகு வைத்துத் தெரபிஸ்டுகளை அமர்த்தினார்கள். அந்த 40 மணி நேரக் கணக்கு கடல் தாண்டி நம்மூர் சென்டர்களின் விலைப்பட்டியல் வரை வந்துவிட்டது. லோவாஸின் பழைய முறையில் அதட்டலும் அடியும் இருந்தன. அந்த மாதிரிப் பயிற்சியில் வளர்ந்து பெரியவர்களான ஆட்டிசம் உடையவர்களே இன்று அதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள். நான்கு வயதுப் பிள்ளையை நாளுக்கு ஆறு மணி நேரம் நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணைப் பார் கண்ணைப் பார் என்று பழக்குவதை நானும் ஏற்க மாட்டேன். அதற்காக ஒரு குடும்பம் கடன்படுவதை அதைவிட ஏற்க மாட்டேன்.

நம் பக்கத்திலேயே வேறு சான்று இருக்கிறது. 2016இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஆய்வு ஒன்று, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்தது. தெரபிஸ்டு பட்டம் இல்லாத சாதாரண சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எட்டு மாதத்தில் 12 முறை. அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அம்மாவுடன் உட்கார்ந்து பார்ப்பார்கள். “இந்த இடத்தில் அவன் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தான், நீங்கள் பேசாமல் காத்திருந்தீர்கள், உடனே உங்களைத் திரும்பிப் பார்த்தான், பாருங்கள்” என்பது போலப் பேச்சு நடக்கும். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைத் தானும் பார்த்து, அதைப் பற்றியே சிறு சொல்லாகச் சொல்லும் பழக்கம் பெற்றோருக்கு வந்தது. பிள்ளைகளும் தாங்களாகவே அவர்களை நாடத் தொடங்கினார்கள். உலக சுகாதார நிறுவனம் பராமரிப்பவர்களுக்கென்று வகுத்த பயிற்சியும் இதே வழிதான்: ஒன்பது குழுக் கூட்டம், மூன்று வீட்டு வருகை.

தமிழ்நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் இருக்கிறார்கள். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயோடு வாழ்ந்துகொண்டே சங்கரராமன் அதன் செயலாளராகத் தோள் கொடுத்தார். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அவர்களுடைய சமூகப் பணியாளர்கள் அந்தந்தக் கிராமத்துப் பெண்கள். வளர்ச்சி பின்தங்கிய குழந்தைகளின் வீட்டுக்கே போய் அம்மாவோடு உட்கார்ந்து பயிற்சி கொடுக்கிறார்கள். பிள்ளை என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதைக் கைப்பேசிச் செயலியில் பதிகிறார்கள். தகுதி பெற்ற தெரபிஸ்ட் அதைப் பார்த்து அடுத்த இலக்கைச் சொல்கிறார். ஆள் தட்டுப்பாடு என்ற முடிச்சை இப்படி அவிழ்த்திருக்கிறார்கள். சென்னையில் 1989இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையத்திலும் அம்மா பிள்ளையோடு உட்கார்ந்து கற்றுக்கொள்வதுதான் முறை.

புதுக்கோட்டைக்கு இதெல்லாம் வெளியூர்ச் சங்கதி என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது இந்த மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தது. பள்ளிக்கூடம் முடித்த பெண்கள் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு லாந்தர் வெளிச்சத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். குவாரிகளில் கல் உடைத்த பெண்களே குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அதை நாட்டுக்கே எழுதிச் சொன்னார். அந்த நாட்களில் சைக்கிள் பழகியவர்கள் இன்று பாட்டிகள். அவர்கள் பேத்திகளில் பிளஸ் டூ முடித்துக் குழந்தையோடு வீட்டில் இருப்பவர்கள் எத்தனையோ பேர்.

இனி இன்னொரு கணக்கு. ஏழெட்டு ஊராட்சிகளில் பத்துக் குடும்பங்கள் சேர்கின்றன. ஒரு பெண்ணுக்குப் பயிற்சி தந்து, மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில், வண்டியில் வீடு வீடாக அனுப்புகிறார்கள். குடும்பத்துக்கு மாதம் 1,500 ரூபாய். மாதம் ஒரு தடவை தகுதி பெற்ற தெரபிஸ்ட் வந்து பார்க்க இன்னும் கொஞ்சம். அம்மாவின் கூலி போகாது. பிள்ளை பஸ் ஹாரனுக்கு அலறியபடி டவுனுக்குப் போக வேண்டாம். கற்பதும் அதன் சொந்த முற்றத்தில்: தண்ணீர் மொண்டு குளிப்பது, சட்டையில் தலையை நுழைப்பது, படத்தைக் காட்டித் தோசை கேட்பது, தங்கையோடு மாறி மாறிப் பந்து உருட்டுவது. பேச்சு வராத பிள்ளைக்குப் படமும் சைகையும் கொடுத்தால் பேசும் ஆசையே போய்விடும் என்ற பயம் வேண்டாம். கேட்பதற்கு ஒரு வழி கிடைத்தால் அழுகை குறையும்.

இந்தத் தொகையை ஊர் தாங்கும். மாதாமாதம் கட்டும் சீட்டு நம் பெண்களுக்குக் கை வந்த கலை. மகளிர் குழுக்கள் இருக்கின்றன. இந்த மாவட்டத்திலிருந்து சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா போனவர்கள் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள். ஒரே தடவை ஐயாயிரம் கேட்பதைவிட, மாதம் 200 என்று இரண்டு வருடத்துக்கு வாக்குக் கேளுங்கள். கீரமங்கலம் பாணியில் ஒரு மொய் விருந்தே வைத்தாலும் சரி, வசூலை வங்கியில் போட்டு மாதச் சம்பளத்துக்கு மட்டும் எடுக்க வேண்டும். மொய் நோட்டு மாதிரி வரவு செலவு நோட்டும் எவர் வந்து கேட்டாலும் காட்டும்படி இருக்கட்டும். முன்பின் தெரியாதவருக்காக மொய் வைப்பதும் இங்கே நடந்ததுதான். 2018இல் கேரளத்தில் வெள்ளம் வந்தபோது இதே மாவட்டத்தில் ஒரு தேநீர்க் கடைக்காரர் மொய் விருந்து வைத்து நிவாரணம் திரட்டினார்.

பணம் கேட்கும்போது பிள்ளையின் முகத்தைக் காட்ட வேண்டாம் என்பேன். அழுது புரண்டு தரையில் தலையை முட்டும் வீடியோவுக்குப் பணம் அதிகம் வரும், உண்மைதான். அந்தப் பிள்ளை பத்து வருடம் கழித்து இதே ஊரில் பெரிய பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோகும். அப்போதும் அந்த வீடியோ எல்லார் போனிலும் இருக்கும். அதன் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. என்ன கற்றுத்தரப் போகிறோம், மாதம் எவ்வளவு ஆகும், யார் கணக்குப் பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினால் போதும். நம் மக்கள் கொடுப்பார்கள்.

சேர்த்த பணத்தைக் குறிவைத்து வருபவர்களும் உண்டு. ஆட்டிசம் ஒரு நோய் அல்ல, மூளை வேறு விதமாக வளரும் நிலை. அதை முழுதாகக் குணப்படுத்துவேன் என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் அந்தப் படியை விட்டு இறங்கி வந்துவிடுங்கள். ஸ்டெம் செல் ஏற்றினால் பேச்சு வரும் என்று லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது, அதை விளம்பரம் செய்வது மருத்துவத் தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நிலத்தை விற்று அந்த ஊசிக்குக் கொடுப்பதைவிட அந்த நிலத்தில் பிள்ளையோடு கடலைக்குக் களை எடுக்கலாம், அதுவே நல்ல ஓ.டி. பிள்ளைக்கு ஆட்டிசம் வந்தது அம்மா செய்த தப்பால் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்தும் விலகுங்கள். தாயின் அன்புக் குறைவுதான் காரணம் என்று அமெரிக்க மருத்துவர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். தானே ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் புத்தகம் எழுதி அதை உடைத்தார். தமிழிலும் பெற்றோரே எழுதிய நல்ல புத்தகங்கள் வந்திருக்கின்றன: யெஸ்.பாலபாரதியின் ‘ஆட்டிசம் சில புரிதல்கள்’, லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் ‘எழுதாப் பயணம்’.

ஊரிடம் கேட்பதற்கு முன் அரசிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. அது தயவு அல்ல, பாக்கி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, ஆட்டிசத்தையும் அதில் சேர்த்தது. அரசு மருத்துவக் குழு, ஐசா எனப்படும் 40 கூறுகள் கொண்ட இந்திய அளவுகோலை வைத்துப் பிள்ளையை மதிப்பிட்டுச் சான்று தரும். 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பெரும்பாலான உதவிகளின் கதவு திறக்கும். அந்தச் சான்றும் யு.டி.ஐ.டி. எனும் தனித்துவ அடையாள அட்டையும் வாங்குவதுதான் முதல் வேலை. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. மருத்துவமனையில் படுக்காமல் எடுக்கும் தெரபிக்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பணம் கட்டி எடுத்தால் கூட அந்தத் தெரபி ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். 2013இல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் அமைய வேண்டும். பள்ளி வயது வந்ததும் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு. ஒரு சிறப்பாசிரியர் தலையில் எத்தனை ஊர், எத்தனை பிள்ளை என்பதுதான் பிரச்சினை. வாரம் ஒரு முறை வர வேண்டியவர் எப்போதோ வந்தால் அது தெரபி ஆகாது.

உலக வங்கிக் கடனுதவியோடு தமிழக அரசு நடத்தும் உரிமைகள் திட்டம் இந்தக் குறையைப் போக்குவதற்கென்றே வந்தது. ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள், தெரபி வாகனங்கள், வீட்டுக்கு வரும் முன்களப் பணியாளர்கள் என்று அதன் வடிவம் சரியாகவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் முதியவரின் கட்டிலருகே வருகிறார். நான்கு வயதுப் பிள்ளையின் பாயருகேயும் ஒருவர் வரலாம், அதற்கும் சம்பளம் கொடுக்கலாம்.

தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நார்த்தாமலையிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் அடுத்த கூட்டத்துக்கு இந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஒன்றாகப் போக வேண்டும். ஊராட்சியில் ஆட்டிசமும் வளர்ச்சிக் குறைபாடும் உள்ள பிள்ளைகள் எத்தனை பேர், எத்தனை பேருக்குச் சான்று இருக்கிறது, சிறப்பாசிரியர் கடைசியாக எந்தத் தேதியில் வந்தார் என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைக்க வேண்டும். வீட்டுக்கு வரும் பணியாளர் ஒருவரை இந்த ஊராட்சிகளுக்கென்று நியமிக்கக் கேட்டுத் தீர்மானம் போட்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு நகல் அனுப்ப வேண்டும். அவர் வந்து சேரும் வரை, சீட்டுப் பணத்தில் அந்தப் பிளஸ் டூ படித்த பெண்ணின் பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.